ஆமையின் பத்தியம்

மலைக்காட்டில் ஓர் அத்திமரம். மரப்பொந்தில் செவ்வந்தி என்ற அணில் வசித்தது. மரத்தடியில் திருமேனி என்ற ஆமை வசித்தது.

அணில் அந்த வருடம்தான் அங்கே குடிவந்திருந்தது. வந்த புதிதில் ஒருநாள் அடைமழையில் அதன் குட்டி மரத்திலிருந்து விழுந்துவிட்டது. ஆமைதான் வெள்ளத்தை மறித்து நின்று குட்டியைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து ஆமை என்றால் அணிலுக்கு உயிர்.

அந்தக் காட்டில் மார்கழி பிறந்தால் புல்லின் மேல் உறைபனி படியும். ஆமைக்கு அந்தக் குளிர் ஆகாது. மண்ணுக்குள் குழி தோண்டிப் படுத்து, வெயில் திரும்பும்வரை தூங்கிவிடும். அதற்குப் பல நாள் முன்பே சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீர் மட்டும் குடித்து, வயிற்றைக் காலி செய்துகொள்ளும். வருடாவருடம் அதுதான் அதன் பத்தியம்.

ஐப்பசி முடிந்தது. ஆமை புல்லைக்கூடக் கடிக்கவில்லை. அணில் பதறிப்போனது.

"அண்ணே! குளிர் வருதுன்னு நான் ஓடி ஓடிச் சேர்த்து வைக்கிறேன். நீங்க பட்டினி கிடக்கிறீங்களே!"

"பட்டினி இல்ல தங்கச்சி, பத்தியம்! குளிர்ல என் வயிறு வேலை செய்யாது. உள்ள போனது செரிக்காம அழுகிடும். அப்புறம் நான் எந்திரிக்கவே மாட்டேன்."

"மாசக்கணக்கா தூங்கப் போறவரை வெறும் வயித்தோட அனுப்புறதா? ஊரு என்னைத்தானே ஏசும்!"

பக்கத்துப் பாறையிடுக்கில் இருந்த முள்ளம்பன்றி வேலப்பன் எட்டிப் பார்த்தது. "அவன் உடம்பு அவனுக்குத் தெரியும். பத்தியத்தைக் கெடுக்காத தாயி!" என்று அதட்டியது.

அணில் கேட்கவில்லை. பாசம் முற்றிவிட்டால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. ஆமை குழிக்குள் இறங்கும் நாளன்று மரத்தடியில் ஒரு விருந்தே வைத்துவிட்டது. கனிந்த அத்திப்பழம், காளான், இளந்தளிர் எல்லாம் இலையில் குவிந்திருந்தன.

"வேண்டாம்மா" என்றது ஆமை.

"ஒரே ஒரு வாய்!"

"வேண்டாம்மா. சொன்னாக் கேளு."

அணிலின் கண் கலங்கியது. "என் பிள்ளையைக் காப்பாத்தினவருக்கு என் கையால ஒரு வாய் கொடுக்கக் கூடாதா? நான் கொடுத்தா இளப்பமாப் போச்சா?"

ஆமைக்கு மனசு தாங்கவில்லை. அழுகிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி மறுப்பது? ஒரு பழத்தைத் தின்றது. அணில் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னொன்று தின்றது. "இது என் பிள்ளை பேரைச் சொல்லி!" என்று அணில் அடுத்ததை நீட்டியது. இலை காலியாகும்வரை ஆமை நிறுத்தவில்லை.

பிறகு மெல்ல நடந்து குழிக்குள் இறங்கியது. அணில் சருகை அள்ளிப் போட்டுக் குழியின் வாயை மூடியது. அன்று அதற்கு மனம் நிறைந்திருந்தது.

பனி கொட்டியது. காடு அடங்கிக் கிடந்தது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் ஏறியது. அணில் தினமும் குழிவாசலில் இளம்புல்லைக் கொண்டுவந்து வைத்தது. புல் காய்ந்தது. ஆமை வரவில்லை.

"நல்லாச் சாப்பிட்டுப் படுத்தவர்! அதான் அசந்து தூங்குறார்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னது.

முள்ளம்பன்றி வந்து குழியைத் தோண்டியது. மண் விலகியதும் வாடை அடித்தது. உள்ளே ஓடு அசையாமல் கிடந்தது.

"அண்ணே! எந்திரிங்கண்ணே!" அணில் ஓட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது. பிறகு மண்ணில் விழுந்து அழுதது. "என் கையாலயே கொன்னுட்டேனே!"

"நீ நம்பாமக் கொடுத்த. அவன் அறிஞ்சே தின்னான். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறல" என்றது முள்ளம்பன்றி.

இரண்டும் சேர்ந்து அந்தக் குழியை மண்ணால் மூடின.

அன்போடு கொடுப்பவர் பெறுபவருக்கு அது ஆகுமா என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆகாததை யார் கொடுத்தாலும், தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிட வேண்டும்.