டாக்டருக்கு ஒத்துவராத ஆள்

அந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் சளி ஸ்லைடுகளுக்கு எண் ஒட்டுவதும், முடிவுகளை எக்செலில் ஏற்றுவதும் சகாயராணியின் வேலை. ஸ்லைடில் நோயாளி பெயர் இருக்காது, எண் மட்டும்தான். காசநோய்க் கிருமி உண்டா இல்லையா என்று தலைமை டாக்டர் தாணுமூர்த்தியும் லேப் டெக்னீஷியன் பீர்முகம்மதுவும் தனித்தனியே பார்த்துச் சொல்வார்கள்.

அந்த மாதம் நாற்பது ஸ்லைடில் எட்டுக்கு இருவர் முடிவும் ஒத்துப்போகவில்லை. டாக்டருக்கு வந்ததே கோபம்!

"எனக்கு ஒத்துவராதவனுக்குக் கண்ணே தெரியலைன்னு அர்த்தம். பீர்முகம்மதுவை வீட்டுக்கு அனுப்பப்போறேன். ஷீட்டை ரெடி பண்ணு."

"பண்ணிடறேன் சார். உறுதிக்கு இன்னொரு நாற்பது பார்த்துக் கொடுத்துடுங்க," என்றாள் சகாயராணி. டாக்டர் ஒரே மூச்சில் பார்த்துத் தள்ளினார்.

மறுநாள் மீட்டிங். எல்லோர் முன்னாலும் அவள் ஷீட்டைத் திரையில் போட்டாள். ஒரு பக்கம் டாக்டர் பெயரும் அவர் முடிவுகளும். எதிர்ப்பக்கம் முடிவுகள் மட்டும், பெயர் இல்லை. ஒத்துப்போகாத பதினோரு இடம் சிவப்பாக இருந்தது.

"எட்டு இப்போ பதினொண்ணு! பாத்தீங்களா லட்சணத்தை?" டாக்டர் மேசையைத் தட்டினார். "எதிர்ப்பக்கத்து ஆளை இந்த நிமிஷமே கிளம்பச் சொல்லு!"

"அதுவும் நீங்கதான் சார்," என்றாள் சகாயராணி. "நேத்து நான் கொடுத்தது அதே பழைய நாற்பது. எண்ணை மட்டும் மாத்தி ஒட்டினேன்."

பீர்முகம்மது எழுந்துபோய், டாக்டருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.