எல்லா ரசிகருக்கும் ஒரே முகம் வந்த கதை

அந்தக் காலத்துல... அவ்வளவுதான் சொன்னேன், அதுக்குள்ள நரியும் காக்காவும் வரும்னு காலை நீட்டி உக்காந்துட்டீங்களா? மடக்குங்க காலை. இது டிபி கதை, இன்டர்நெட்டுல நம்ம பேருக்குப் பக்கத்துல முகமா வைக்கிற படம் இருக்கே, அது. அப்போ டிபியில இருக்குற படமெல்லாம் வாயைத் திறந்து பேசும்.

நடிகர் இளம்பரிதிக்கு இன்டர்நெட்டுல ஒரு ரசிகர் மன்றம் இருந்துச்சு. ஆளுக்கொரு முகம். கோவில்பட்டி முத்துப்பேச்சிக்கு எருமை. இன்னொருத்தருக்கு ஆந்தை. வேற ஒருத்தருக்கு வெட்டி வச்ச தர்பூசணி. அத்தனையும் வரைஞ்சு குடுத்தது ஒரு பூனை. யாரு வேணா எடுத்துக்கலாம், ஆனா கீழ "பூனைக்கு நன்றி"ன்னு போட்டாகணும். போடலையோ, பிறாண்டிடும்.

எருமைக்கு ஒரே ஒரு ஆசை. தலைவர் வாயால ஒரு வணக்கம் கேக்கணும். தினமும் காலையில அவர் ஐடிக்கு ஒரு வணக்கம் அனுப்பும். பதிலே வராது.

"எருமைக்கா, உன் மூஞ்சியப் பாத்தா அந்த மனுசனுக்குப் பேச்சு வருமா?"ன்னு ஆந்தை சீண்டும்.

"வரும்டா. வர்ற அன்னிக்கு நீ தூங்கிட்டு இருப்ப."

தலைவர் பிறந்தநாள் வந்துச்சு. பூனை சொல்லுச்சு: "இன்னிக்கு ஒருநாள் எல்லாரும் தலைவர் முகத்தையே மாட்டுவோம். ஒரே படம். காமன் டிபி!"

மாட்டினாங்க. எருமை தன்னையே பாத்துட்டு, "அய்யோ, எனக்கு மீசை!"ன்னு குதிச்சுது. தர்பூசணிக்கு முதல் தடவையா மூக்கு வந்துச்சு. மன்றமே கல்யாண வீடாட்டம் ஆயிடுச்சு. யாரு யாருன்னே தெரியல.

அப்போ அதே முகத்தோட ஒருத்தர் நுழைஞ்சார். "வணக்கம் தங்கங்களா. நான்தான் இளம்பரிதி."

"அப்ப நாங்கல்லாம் யாராம்?"னு ஆந்தை கேட்டுச்சு. மன்றம் விழுந்து விழுந்து சிரிச்சுது.

எருமை மீசைய முறுக்கிட்டு முன்னாடி வந்துச்சு. "தலைவர் பேருல விளையாடுறியா? சொல்லு பாப்போம். மூணாவது படத்துல, இடைவேளைச் சண்டையில தலைவர் போட்ட சட்டை என்ன கலரு?"

அவர் யோசிச்சார். "நீலமா இருக்குமோ?"

"கடுகு மஞ்சள்!"னு மன்றமே கத்துச்சு. எருமை பின்னங்காலால விட்டுது ஒரு உதை. ஆள் வெளிய. கைதட்டல்னா கைதட்டல், காது கிழிஞ்சுது.

வாசல்ல படமே வைக்காத ஒரு சாம்பல் நிழல் நின்னுச்சு. சும்மா வேடிக்கை பாக்க வந்த ஐடி. அது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏங்க, அந்தப் பேரை அமுக்கிப் பாத்தீங்களா? எருமை தினமும் வணக்கம் அனுப்புற அதே ஐடிங்க அது. நீங்க உதைச்சது அவரையேதான்."

அன்னையில இருந்துதான், பிறந்தநாள் வந்தா ரசிகருங்க எல்லாம் ஒரே முகத்தை மாட்டிக்கிட்டு, எந்தப் போலி ஐடி வந்து "நான்தான் தலைவன்"னு சொன்னாலும் ஒரு கேள்வி கேக்காம எந்திரிச்சு நின்னு கும்பிடுறாங்க.