அலங்கும் புகைக்குழாய் இல்லாத காரும்

இது கேட்ட கதை. சொன்னவரும் நேரில் பார்த்தவர் இல்லை. அவருக்கு வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைமாறி வந்ததில் காரின் நிறம் மாறியிருக்கலாம். ஓடிய தூரம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். மற்றபடி கேட்டது கேட்டபடியே.

ஏரிக்காட்டில் செதிலி என்று ஓர் அலங்கு இருந்தது. எறும்பும் கரையானும் தின்று வாழும், உடம்பெல்லாம் கெட்டியான செதில் போர்த்திய பிராணிதான் அலங்கு. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மற்ற அலங்குகள் பயம் வந்தால் சுருளும். செதிலி சந்தேகம் வந்தாலே சுருண்டுவிடும். அதற்குச் சந்தேகம் வராத நாளே கிடையாது.

ஏரிக்காடு பெயருக்குத்தான் காடு. ஏரியைச் சுற்றி மரத்துக்கு மரம் அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. தெருவெல்லாம் வண்டிகள். சிக்னலில் சிவப்பு விழுந்தால், அது பச்சையாவதற்குள் ஆமை நடந்தே முந்திவிடும்.

செதிலி வீடு வீடாகப் போய்க் கரையான் ஒழிக்கும் வேலை செய்தது. காலையில் வடகரையில் ஒரு மரம், மத்தியானம் தென்கரையில் ஒரு மரம். போய்வர ஒரு பழைய டீசல் கார் வைத்திருந்தது. அலங்குகளின் வழக்கப்படி, மொட்டு என்ற அதன் குட்டி அம்மாவின் வாலில் தொற்றிக்கொண்டு கூடவே போகும்.

அந்தக் காரின் அடித்தட்டில் ஓர் ஓட்டை. நெரிசலில் நின்றால் புகை உள்ளே வரும். ஒரு மாதமாக மொட்டு இருமிக்கொண்டே இருந்தது.

நாரை டாக்டர் குட்டியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது.

"வண்டி மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தப் புகைக்குள்ளயே குட்டியை வச்சிருந்தா, நான் குடுக்கற மருந்து எல்லாம் வீண். மழைக்காலத்துல இருமல் நெஞ்சுல இறங்கிடும். அதுக்குள்ள வண்டியை மாத்து! முடியலேன்னா குட்டியை வீட்ல விட்டுட்டுப் போ!"

"வாலை வீட்ல விட்டுட்டு எப்படி டாக்டர் வேலைக்குப் போறது?" என்றது செதிலி.

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மறுநாள் செதிலி கார் விற்கும் கடைக்குப் போனது. நீலச் சட்டை போட்ட மீன்கொத்தி ஒன்று பறந்து வந்து வரவேற்றது.

"வாங்க மேடம்! மின்சாரக் கார்! நகரத்துக்குள்ள ஓட்டறதுக்குன்னே செஞ்சது! சத்தம் இல்ல, புகை இல்ல, பின்னாடி புகைக்குழாயே கிடையாது!"

செதிலி காரை இரண்டு முறை சுற்றி வந்தது. படுத்துக்கொண்டு அடியிலும் எட்டிப் பார்த்தது. உண்மைதான், குழாய் இல்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது.

"குழாய் இல்லேன்னா, புகையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"புகையே வராது மேடம்! இது பேட்டரியில ஓடுது!"

"பேட்டரி எங்க?"

"அடியில, தட்டுக்குள்ள இருக்கு மேடம்."

"ஏன் அடியில? யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னா?"

மீன்கொத்தி சிரித்துச் சமாளித்தது. "ஒரு தடவை சார்ஜ் போட்டா முந்நூறு கிலோமீட்டர் போகும்!"

"யார் ஓட்டிப் பார்த்தது?"

"கம்பெனியே ஓட்டிப் பார்த்திருக்கு!"

"கம்பெனியைத் தவிர?"

மீன்கொத்தி சட்டென்று கார்க் கதவைத் திறந்துவிட்டது. "நீங்களே ஓட்டிப் பாருங்க மேடம்! இலவசம்!"

இலவசம்! செதிலிக்கு அந்தச் சொல் ஒன்று போதும். சும்மா தருகிறவன் எதற்காகத் தருகிறான்? முதுகுச் செதில்கள் சிலிர்த்துக்கொண்டன. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டது.

வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு புனுகுப்பூனை உட்கார்ந்திருந்தது. தெரு முழுக்கக் கமகமவென்று வாசனை. செதிலியைப் பார்த்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தது.

"அக்கா! உள்ள போயிட்டு வர்றீங்களே, எதுலயும் கையெழுத்துப் போட்டுடலையே?"

"இல்ல தம்பி."

"அப்பாடா!" புனுகுப்பூனை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டது. "பார்த்தா என் கூடப்பிறந்த அக்கா மாதிரியே இருக்கீங்க, அதனால சொல்றேன். போன மழையில என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? தண்ணியில நின்ன மின்சாரக் கார், டப்புன்னு வெடிச்சு எரிஞ்சுது! இந்தாங்க, போட்டோவைப் பாருங்க!"

போட்டோவில் ஒரு கார் கரிக்கட்டையாக நின்றது. செதிலி அதைப் பாதிதான் பார்த்தது. உள்ளே மொட்டு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வாலை வளைத்து, குட்டியை நடுவில் வைத்து, உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

உள்ளே இருட்டு. இதமான சூடு. செதிலிக்கு மூச்சு சீரானது. இனி மீன்கொத்தியும் ஏமாற்ற முடியாது, வேறு யாரும் ஏமாற்ற முடியாது. எதையும் பார்க்காதவரை எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்று அதற்கு நம்பிக்கை.

உருண்டை லேசாக அசைந்தது. பிறகு தலை கீழே போனது, வால் மேலே வந்தது. மறுபடி தலை, மறுபடி வால்.

"அம்மா, நாம போயிட்டிருக்கோம்" என்றது மொட்டு.

"பேசாம இரு. சுருண்டிருந்தா ஒண்ணும் ஆகாது."

"அம்மா, நம்ம கார் நாத்தம் வருது." மொட்டு இரும ஆரம்பித்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒவ்வோர் இருமலும் செதிலியின் வயிற்றிலேயே இடித்தது.

செதிலி வாலை ஒரு விரல்கடை விலக்கி வெளியே பார்த்தது.

அது டீக்கடை வாசல் இல்லை. சுற்றிலும் வரிசை வரிசையாகப் பழைய டீசல் கார்கள். மேலே 'புனுகு பழைய கார் விற்பனை நிலையம்' என்று பலகை. உருண்டைக்கு வெளியே செதிலியின் ஒரு நகம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நகத்தில் நீல மை தடவியிருந்தது. புனுகுப்பூனை அதைப் பிடித்து, ஒரு காகிதத்தின் பக்கம் மெதுவாக, மிக மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்லக்கா!" புனுகுப்பூனை துள்ளி எழுந்தது. "நீங்க பயந்துட்டீங்க. பத்திரமான எடத்துக்குக் கொண்டு வந்தேன். இந்த டீசல் வண்டியை உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். ஒரே கை மாறினது. நகத்தை இங்க லேசா வச்சீங்கன்னா..."

செதிலி நகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. நாலு தெரு தூரம் தன்னை உருட்டியே கொண்டுவந்திருக்கிறான், தான் ஒரு சத்தம்கூடப் போடவில்லையே! வால் தானாக வளையப் பார்த்தது. இன்னொரு முறை சுருண்டால், அடுத்து கண் திறக்கும்போது காகிதத்தில் மை இருக்கும். செதிலி நான்கு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டது.

"அந்தப் போட்டோவை இன்னொரு தடவை காட்டு."

"வேண்டாங்க்கா, பயந்துடுவீங்க."

"பயந்துக்கிட்டே பார்க்கிறேன். காட்டு!"

இந்தத் தடவை செதிலி போட்டோவை முழுதாகப் பார்த்தது. கருகிய கதவு. உருகிய சக்கரம். பின்பக்கம், எண் பலகைக்குக் கீழே, வளைந்து தொங்கிய ஒரு கறுப்புக் குழாய்.

"தம்பி, இது மின்சாரக் கார்தானே?"

"ஆமாக்கா! சத்தியமா!"

"அப்புறம் புகைக்குழாய் எதுக்கு?"

புனுகுப்பூனை போட்டோவைப் பார்த்தது. செதிலியைப் பார்த்தது. மறுபடி போட்டோவைப் பார்த்தது. "அது... அது புது மாடல்க்கா!"

செதிலி குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வெளியே நடந்தது.

ஆனால் நேராக மீன்கொத்தியிடம் போய்விடவில்லை. புனுகு பொய் சொன்னதாலேயே மீன்கொத்தி சொன்னது உண்மையாகிவிடாது. இரண்டு பேருமே விற்கிறவர்கள். விற்காத யாரையாவது கேட்க வேண்டும்.

ஏரிக்கரை நிறுத்தத்தில் ஒரு தேரை தன் மின்சார வாடகைக்காரோடு நின்றுகொண்டிருந்தது. செதிலி அதனிடம் போனது.

"அண்ணே, வண்டி எப்படிண்ணே?"

தேரை கண்ணைச் சுருக்கியது. "ஏன் கேக்கறே? யார் அனுப்பினா உன்னை?"

"யாரும் அனுப்பல. வாங்கலாமான்னு யோசிக்கிறேன்."

"வாங்காதே!" என்றது தேரை பட்டென்று. "சார்ஜ் போடுற எடத்துல எவனாவது டீசல் வண்டியைச் சொருகிட்டு டீ குடிக்கப் போயிடுறான். ஹார்ன் அடிச்சாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். நான் காவல் நிக்கணும்!"

"அப்புறம்?"

"சத்தமே கிடையாது. குறுக்க ஓடுற எலிக்கு நான் வர்றதே தெரியல. என்னைத்தான் திட்டுது."

"அப்புறம்?"

"முந்நூறு போகும்னான் அந்த நீலச் சட்டைக்காரன். ஏசியைப் போட்டு, நாலு பேரை ஏத்திக்கிட்டு, இந்த நெரிசல்ல நகர்ந்தா இருநூறு வந்தா பெரிசு!"

செதிலி தயங்கித் தயங்கிக் கேட்டது. "மழையில?"

"மூணு மழை பார்த்தாச்சு. ரோட்ல மழைத்தண்ணியில ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. ஏரி ஒடைஞ்ச மாதிரி தண்ணி நிக்கற எடத்துல இறக்கல. அதுல டீசல் வண்டியைத்தான் இறக்குவியா?"

"இவ்வளவு தொல்லைன்னா வித்துடலாமே அண்ணே?"

தேரையின் தொண்டை பலூன்போல உப்பியது. "விக்கறதா? யார் சொன்னா? அடுத்த மாசம் என் மச்சானுக்கும் ஒண்ணு எடுக்கறேன்! அது கெடக்கட்டும், நீ ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவே? உன் மரத்தடியில சார்ஜ் போட பிளக் இருக்கா?"

பேட்டரி எங்கே, புகை எங்கே என்று ஊரையெல்லாம் குடைந்த செதிலி, தன் வண்டி தினமும் எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து புறப்படும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டரைப் பார்த்து, வீட்டுச் சுவரில் நகத்தால் கீறி வைத்தது. ஏழு நாள். மிக அதிகமாக ஓடிய நாளில் ஐம்பத்தெட்டு. தேரை சொன்ன இருநூறையும் செதிலி சும்மா விடவில்லை. அதையும் சந்தேகப்பட்டுப் பாதியாகக் குறைத்தது. நூறு. அப்போதும் ஐம்பத்தெட்டு உள்ளே அடங்கியது. பிறகு தன் வீடு இருக்கும் ஆலமரத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரான இருவாச்சிப் பறவையிடம் போய், மரத்தடியில் பிளக் வைக்க அனுமதி கேட்டு, அதைக் கடிதமாகவே வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போனது.

"ஓட்டிப் பார்க்கணும். சாயந்திரம் ஆறு மணிக்கு. மீன் சந்தை ரோட்ல. ஏசி போட்டுக்கிட்டு."

மீன்கொத்தி திகைத்தது. "அந்த நேரத்துல எறும்புகூட நகராதே மேடம்! எல்லாரும் காலையில காலி ரோட்லதான் ஓட்டிப் பார்ப்பாங்க."

"நான் வேலை முடிஞ்சு அந்த ரோட்லதான் வீட்டுக்குப் போறேன். அப்புறம், முந்நூறு வருமா?"

மீன்கொத்தி தரையைப் பார்த்தது. "உங்க ஓட்டத்துக்கு... இருநூறு வரும் மேடம்."

"இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் நாலு தெரு உருண்டிருக்க மாட்டேன்!"

ஆறு மணிக்கு மீன் சந்தை ரோடு வழக்கம்போல அடைத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் இரண்டு ஆட்டோ. செதிலி ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு விளக்கையும், ஒவ்வொரு மீட்டர் முள்ளையும் கவனித்தது. எங்கேயாவது ஒரு குறை ஒளிந்திருக்கத்தான் வேண்டும். முதல் சிக்னல் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதில் நிற்கும்போது திடீரென்று ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எதுவோ குறைகிறது. என்னது?

இருமல்.

செதிலி பதறித் திரும்பிப் பார்த்தது. மொட்டு அம்மாவின் வாலில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செதிலிக்கு அதிலும் சந்தேகம். மூக்கின் அருகே நகத்தை நீட்டிப் பார்த்தது. மூச்சு சீராக வந்தது. பின்னால் ஹார்ன்கள் கத்தின. பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ!

முதல் மழைக்கு நான்கு நாள் முன்பு செதிலி அந்தக் காரை வாங்கியது.

புனுகுப்பூனை ஒரு நாள் சிக்னலில் காரின் கண்ணாடியைத் தட்டியது. "அக்கா! ரெண்டே வருஷத்துல பேட்டரி செத்துடுமாம்! கேள்விப்பட்டேன்!"

செதிலியின் செதில்கள் சிலிர்க்கத்தான் செய்தன. ஆனால் அது சுருளவில்லை. "எங்க கேள்விப்பட்டே தம்பி? எழுதிக் குடு, விசாரிச்சுக்கறேன்."

பேனா தேடப்போன புனுகுப்பூனை திரும்பி வரவே இல்லை.

கதையில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. உலகத்தில் எந்த அலங்காவது அப்படி உருட்டிக்கொண்டு போகிற அளவுக்குப் பேசாமல் இருக்குமா? பிறகு தேடிப் படித்துப் பார்த்தேன். சுருண்டுகொண்ட அலங்கைப் புலி, சிறுத்தைகூடக் கடித்துப் பிரிக்கத் திணறுமாம். ஆனால் திருட வருகிற மனிதர்கள் அதே உருண்டையைக் கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நீதி: சந்தேகப்படுவது தவறில்லை, ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டால் அடுத்தவன் உருட்டுகிற பக்கமெல்லாம் போக வேண்டியிருக்கும், கண்ணைத் திறந்து சரிபார்த்தால்தான் நம் வழியில் நாம் போக முடியும்.