சங்குத்துறைக்குப் புறா பறக்கும் நேரம்

முன்னொரு காலத்தில், பல்லக்கை முந்திப் போவது பறவை மட்டும்தான் என்றிருந்த நாளில், மலையடிக்கோட்டையில் ஓர் அரசர் இருந்தார். அவருடைய அரசி செங்கமலத்தாள், தூரத்துக் கடற்கரை ஊரான சங்குத்துறையில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒரு தடவைகூட ஊருக்குப் போனதில்லை. பொழுது சாய்ந்தால் மாடத்தில் நின்று கிழக்கே போகும் கொக்குகளைப் பார்ப்பாள்.

"இதெல்லாம் எங்கள் ஊர் எப்போது போய்ச் சேருமோ? உப்புக்காற்றில் விளக்கு அணைந்துகொண்டேயிருக்கும். அம்மா திட்டிக்கொண்டே மறுபடி ஏற்றுவாள்."

அரசருக்கு மனசு கேட்காது. அனுப்பலாம் என்றால் அமைச்சர் திருமேனியார், "அரசியார் கோட்டை தாண்டும் வழக்கமில்லை, பிரபு" என்று தடுத்துவிடுவார்.

ஒருநாள் அவையில் அரசர் கேட்டார். "இங்கிருந்து சங்குத்துறைக்கு ஒரு பறவை பறந்துபோக எவ்வளவு நேரமாகும்?"

அமைச்சருக்கு அவை விகடன் தாண்டவன்மேல் நெடுநாள் பொறாமை. "தாண்டவனுக்குத் தெரியாததா, பிரபு? பறவையை விட்டே காட்டுவான். தவறினால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

யோசிக்காமல், "ஆகட்டும்" என்றுவிட்டார் அரசர்.

தாண்டவன் கைகூப்பினான். "எந்தப் பறவை என்று அமைச்சரே சொல்லட்டும்."

"அரண்மனைப் புறாதான். நம் தானியம் தின்று கொழுத்தது, நன்றாய்ப் பறக்கும்."

தாண்டவன் புறாவைக் கிழக்கே பார்க்கப் பிடித்து விட்டான். அது கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, தன் கூட்டின்மேல் போய் உட்கார்ந்தது.

"சங்குத்துறை இவ்வளவு பக்கமா? மூட்டையைக் கட்டு" என்று சிரித்தார் அமைச்சர்.

"கட்டுகிறேன் ஐயா. ஆனால் புறா தன் கூட்டுக்குத்தான் பறக்கும், நீர் காட்டும் திசைக்கு இல்லை. பிரபு, இதைச் சங்குத்துறையில் கொண்டுபோய் விட்டால் இங்கே வரும். போவதற்கும் வருவதற்கும் வானத்தில் வழி ஒன்றுதானே."

"யார் கொண்டுபோவது?"

"நான் போனால், பாதி வழியில் விட்டுவிட்டான் என்பார் அமைச்சர். அவர் போனால் நான் அதையே சொல்வேன். யாரும் சந்தேகப்பட முடியாத ஒருவர் போகவேண்டும். ஊரும் தெரிந்திருக்கவேண்டும்."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"அரசியார் கோட்டை தாண்டும் வழக்கம்..." என்று ஆரம்பித்தார் அமைச்சர்.

"அரசியார்மேல் சந்தேகமா, ஐயா?"

அமைச்சர் அவசரமாகத் திரைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அமாவாசை கழிந்து பல்லக்குப் புறப்பட்டது. புறாக் கூடையைச் செங்கமலத்தாள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பௌர்ணமியன்று சூரியன் எழும்போது புறாவை விடுவதென்று பேச்சு.

பௌர்ணமி வந்தது. அரசர் காலையிலிருந்து மாடத்தைவிட்டு இறங்கவில்லை.

"பருந்து அடித்திருக்கும்" என்றார் அமைச்சர்.

தாண்டவன் வீட்டில் மூட்டை கட்டித் தயாராக இருந்தது.

உச்சிவேளை முரசு கொட்டும் நேரத்தில் புறா வந்து இறங்கியது. காலில் அரசியின் சேலைக்கரை நூல். அரசர் அதை அவிழ்க்காமல் தடவிப் பார்த்தார்.

"அரைப்பொழுது தூரம்தானா? இத்தனை வருஷம் அவளை ஏங்கவிட்டேனே" என்றார் மெதுவாக. பிறகு, "தாண்டவா, என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு தடவை பறந்ததை வைத்து முடிவு கட்டினால் அமைச்சர் ஒப்பமாட்டார், பிரபு. வருஷாவருஷம் ஒரு புறாவைக் கொண்டுபோய்ச் சரிபார்த்துவிடலாம். கொண்டுபோகிறவர் மட்டும் மாறக்கூடாது."

அரசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார்.

செங்கமலத்தாள் இருந்தவரைக்கும் அந்தச் சந்தேகம் தீரவேயில்லை. வருஷந்தோறும் பல்லக்கு கிழக்கே போய்க்கொண்டேயிருந்தது.