ரீஃபில் இல்லாத பேனா

“மேடம், பொம்மைத் தபால்காரரை நிக்க வெச்சிட்டேன். அவர் கைக்கு ஒரு லெட்டர்கூட வரமாட்டேங்குது,” என்றார் இன்னாசிமுத்து.

இருபத்திரண்டு வருடம் பள்ளியில் கணக்கு நடத்திவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் கணினி நிரல் எழுத வந்தவர். அவருடைய குரு தெய்வானைக்கு முப்பத்தொன்று. வயதில் சின்னவர்தான், ஆனாலும் குரு குருதான்.

அவர்கள் எழுதிக்கொண்டிருந்தது வரன் பார்க்கும் தளம் ஒன்றுக்கு. ஒரு வீட்டார் வேண்டாம் என்றால் இன்னொரு வீட்டாருக்கு மெயில் போக வேண்டும். அது சரியாகப் போகிறதா என்று டெஸ்ட் பண்ணும்போது நிஜ மெயில் போய்த் தொலைக்கக் கூடாது. அதற்குத்தான் பொம்மைத் தபால்காரர்; அவரும் ஒரு துண்டு நிரல்தான். வந்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, எத்தனை வந்தது என்று மட்டும் சொல்வார்.

“எத்தனை வரணும்?”

“ஒண்ணு.”

“வந்தது?”

“சைபர். காலையிலேருந்து பதினாலு தடவை ஓட்டிட்டேன். பதினாலு தடவையும் சைபர்.”

தெய்வானை ஒரு பேனாவை நீட்டினார். ஒரு தாளையும் தள்ளினார்.

“உங்க பேரை எழுதுங்க, சார்.”

இன்னாசிமுத்து பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சொந்தப் பேனாவைத் திறந்து, கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிதாகத் தன் பெயரை எழுதினார். அடுத்தவர் பேனாவில் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

“நான் கொடுத்த பேனாவுல ரீஃபில் இல்லை, சார்.”

அவர் இடது கையைப் பார்த்தார்.

“அப்புறம் பேர் எப்படி விழுந்துச்சு?” என்றார் தெய்வானை.

இன்னாசிமுத்து தன் இடத்துக்குப் போய் நிரலைத் திறந்தார்.

நாற்பத்தோராவது வரி. கடிதம் எழுதும் பகுதி, தனக்கு வேண்டிய தபால்காரரைத் தானே உள்ளே உருவாக்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரைக் கொடுத்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. அதை எழுதியவரும் இன்னாசிமுத்துதான்.

“கண்டுபிடிச்சிட்டேன், மேடம்,” என்று எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“மேடம். அப்போ அந்தப் பதினாலும் நிஜமாவே போயிருக்குமா?”

“யாருக்கு அனுப்புனீங்க?”

அவர் முகம் வெளுத்தது. டெஸ்டுக்கு ஏதாவது ஒரு முகவரி வேண்டும். இந்த வாரம் முழுக்க அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு முகவரி.

“என் பொண்ணு ஸ்டெல்லாவுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அப்பாவுக்கு. வர்ற ஞாயிறு பூசை முடிஞ்சு நிச்சயம்.”

“லெட்டர்ல என்ன இருக்கு?”

“பெண் வீட்டாருக்கு விருப்பமில்லைன்னு.”

“பதினாலு தடவை.”

“பதினாலு தடவை,” என்றார்.

தெய்வானை சிரிக்கவில்லை. தன் கணினியை அவர் பக்கம் திருப்பி ஒரு மெயில் பெட்டியைத் திறந்தார். டெஸ்ட் நடக்கும் கணினிகளிலிருந்து கிளம்பும் எந்த மெயிலும், யார் முகவரி போட்டிருந்தாலும், வெளியே போகாமல் அந்தப் பெட்டியில்தான் வந்து விழும்.

பதினாலும் வரிசையாகக் கிடந்தன.

இன்னாசிமுத்து எண்ணினார். கணக்கு வாத்தியார் அல்லவா, இன்னொரு தடவையும் எண்ணினார். பிறகுதான் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

நாற்பத்தோராவது வரியை அழித்தார். கொடுக்கும் தபால்காரரை வாங்கிக்கொள்ளும்படி அந்தப் பகுதியைத் திருத்தினார். சம்பந்தி முகவரியை எடுத்துவிட்டு, இல்லாத ஊரில் இல்லாத ஒருவரின் முகவரியைப் போட்டார். ஓட்டினார்.

“ஒண்ணு,” என்றார். டெஸ்ட் தேறியதற்கு அடையாளமாகத் திரை பச்சையாக இருந்தது. அவருக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குக் கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“அந்தப் பெட்டியை யார் வெச்சது, மேடம்?”

“நான்தான்.”

“இப்படி ஒருத்தன் வந்து பண்ணுவான்னு முன்கூட்டியே எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

தெய்வானை ரீஃபில் இல்லாத பேனாவை எடுத்து இழுப்பறையில் போட்டார்.

“முன்கூட்டித் தோணலை, சார். என் லெட்டர் போய்ச் சேர்ந்ததுக்கு அப்புறம் தோணுச்சு.”