திருமேனி பெருக்கிய தோப்பு

“அம்மா, கடவுளுக்குக் கண் இல்லையா?” என்று கேட்டார் திருமேனி.

மடத்துத் தலைவி குருவம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். திருமேனி அவரைவிட வயதில் மூத்தவர். மனைவி சௌந்தரம் இறந்தபின் ரைஸ்மில்லை மகனிடம் விட்டுவிட்டு மடத்துக்குச் சீடராக வந்தவர்.

“என்னாச்சு ஐயா?”

“சௌந்தரத்த நெனச்சு நட்ட இலுப்பை காயுதும்மா. மழை இல்லேன்னு, நான் குளிக்கிற தண்ணியக்கூட அதுக்கே ஊத்துறேன். வேலிக்கு அந்தப் பக்கம், கோணக் கன்னுன்னு ஏனோதானோன்னு ஒண்ண நட்டேனே, அது பச்சப்பசேல்னு நிக்குது. அதைத் திரும்பிக்கூடப் பாத்ததில்ல.”

குருவம்மா முறத்தை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.

தோப்பைப் பெருக்குவதுதான் திருமேனியின் தொண்டு. விடிந்து பார்த்தால் ஒரு சருகு மிச்சமிருக்காது. அவர் துடைப்பத்துக்குப் பயந்து இலைகளே யோசித்துத்தான் விழுகின்றன என்று மடத்தில் கேலி பேசுவார்கள். கூட்டிய சருகை எரித்த சாம்பல்தான் அங்கே எல்லோருக்கும் திருநீறு.

சௌந்தரத்தின் மரத்தடியில் கடப்பாரை இறங்க மறுத்தது. தரை சிமெண்டு போலிருந்தது. இருவரும் மாறி மாறிக் குத்தினார்கள். சாரமில்லாத வெளிறிய மண். நூல் நூலாகச் சில வேர்கள், முழங்கை ஆழம்கூடப் போகாமல் நின்றுவிட்டிருந்தன.

“வேருக்கு அதுக்கு மேல எறங்கத் தெம்பில்ல,” என்றார் குருவம்மா.

வேலியைத் தாண்டினார்கள். அங்கே சருகு கணுக்கால் வரை கிடந்தது. அடியில் மக்கிய கறுப்பு மண். இந்தக் கோடையிலும் கையில் ஈரம் ஒட்டியது.

கட்டைவிரல் கனத்தில் ஒரு வேர். தோண்டத் தோண்ட அது கீழே போய்க்கொண்டே இருந்தது. திருமேனி குழிக்குள் தோள்வரை கையை விட்டும் அதன் முனை அகப்படவில்லை.

அவர் கையை வெளியே எடுக்காமலே படுத்துக் கிடந்தார். பிறகு அழுதார்.

“சருகக் கூட்டிக் கூட்டியே அவ மரத்தைப் பட்டினி போட்டிருக்கேன்.”

திருமேனி தலையைத் தூக்கிக் குருவம்மாவைப் பார்த்தார்.

“நீங்க தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

குருவம்மா நெற்றியைத் தடவினார். விரலில் ஒட்டிய சாம்பலைப் பார்த்தார்.

“நானும் இதைப் பூசிக்கிட்டுல்ல இருந்தேன்,” என்றார்.