இரண்டு கொட்டாங்குச்சி வர்ணம்

தெய்வசிகாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலைப் பேப்பரில் தேர்தல் முடிவு வரைபடம். அதில் நெடும்பாறைத் தொகுதி முழுக்கப் பச்சை. பேருக்கு ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

அந்த நெடும்பாறையில்தான் மகள் பூங்குழலிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். நாளைக்கு நிச்சயதார்த்தம். இவரோ அப்பா காலத்திலிருந்தே சிவப்புக் கட்சி. பேப்பரைச் சுருட்டிக்கொண்டு மடத்துக்கு ஓடினார்.

மடத்தை நடத்தும் தவமணியம்மை இவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் இவருக்கு அவர்தான் குரு. வாசல் கதவுக்கு வர்ணம் அடிக்கச் சிவப்பு, பச்சை டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தார் அம்மை.

"மோசம் போயிட்டேன் அம்மா! ஊரே பச்சை. மாப்பிள்ளை வீடு மட்டும் வேற என்னவா இருக்கும்? அந்த ஊருக்கு என் பொண்ணைக் கொடுக்கவே மாட்டேன். நிச்சயத்தை நிறுத்தச் சொல்லப் போறேன்."

"பொண்ணு என்ன சொல்றா?"

"அழறா."

அம்மை படத்தை வாங்கிப் பார்த்தார். "போன வாரம் இந்த ஊர் கோடு கோடா இருந்துச்சே?"

"அப்ப இழுபறின்னு போட்டிருந்தான். எண்ணி முடிச்சதும் பச்சையை அப்பிட்டான்."

"எத்தனை ஓட்டு வித்தியாசம்?"

கீழே பொடி எழுத்து. சிகாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இருநூத்துப் பதினாலு."

"நம்ம தொகுதி?"

"நாமதான் ஜெயிச்சோம்!" என்றவர் குரல் இறங்கியது. "நூத்தி எண்பதுல."

"போன தேர்தல்ல?"

"அப்போ... அது சிவப்பு. நம்மது பச்சை."

"மொத்தம் விழுந்த ஓட்டு?"

"ரெண்டு இடத்திலும் லட்சத்து எழுபதாயிரத்துக்குக் குறையாது."

அம்மை இரண்டு கொட்டாங்குச்சிகளை அவர் முன்னால் வைத்தார். "பேப்பர்காரன் கிடக்கட்டும். நீங்க முப்பது வருஷம் சர்வேயர். விழுந்த ஓட்டுப்படி நீங்களே வர்ணம் கலந்து கொடுங்க. இது நெடும்பாறை, இது நம்ம ஊர்."

அளவு என்று வந்துவிட்டால் சிகாமணி கறார். இரண்டிலும் சிவப்பு ஒரு கரண்டி, பச்சை ஒரு கரண்டி. நெடும்பாறைக்கு மேற்கொண்டு ஒரு துளி பச்சை, நம்ம ஊருக்கு ஒரு துளி சிவப்பு. அந்தத் துளியே அதிகம் என்று அவருக்கே தெரியும். குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வருவதற்குள் வெயில் ஏறியிருந்தது. அம்மை கொட்டாங்குச்சிகளை நிழலுக்கு மாற்றி வைத்திருந்தார். கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"படத்துல நெடும்பாறைக்கு அதோட வர்ணத்தை அடிங்க."

சிகாமணி குனிந்தார். இரண்டிலும் சேற்று நிறம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அரை அடி வரப்புத் தகராறுகூட இவர் கண்ணுக்குத் தப்பியதில்லை.

"ஐயையோ! அம்மா, எது எந்த ஊருன்னே தெரியலையே!"

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க," என்றார் அம்மை. "எந்த ஊருக்குப் பொண்ணைக் கொடுக்க மாட்டீங்க?"